மூன்று வருஷம் முடிக்காத வேலைகள்

என் அக்கா எட்டு வருஷத்தில் ஏழு பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தாள். அந்த ஏழு வேலையையும் ஒரே வரியில் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். அப்போது எனக்கு இருபது வயது. காரைக்குடியில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் முடித்துவிட்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அங்கேயே விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லாரும் அந்த மாடிப்படி ஏறித்தான் ஆகவேண்டும். ஒரு பயோடேட்டாவைப் பார்த்த உடனே இவனுக்கு வேலை கிடைக்கும், இவனுக்குக் கிடைக்காது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் சொன்னதில் எத்தனை பலித்தது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அதனால் அந்த நினைப்பும் குறையவில்லை.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததெல்லாம் அக்காதான். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு 1964-இல் அவள் வேலை தேட ஆரம்பித்தாள். நிரந்தர இடம் எங்கும் இல்லை. இருந்த இடமும் ஆள் பார்த்துப் போனது, எங்களுக்கோ ஆள் கிடையாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் லீவ் வேகன்சி. யாராவது ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை மூன்று மாதம் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் என் அக்கா.

சுற்றுவட்டாரத்தில் எந்த டீச்சர் மசக்கையாக இருக்கிறார் என்பது மருத்துவச்சிக்கு அடுத்தபடி அக்காவுக்குத்தான் தெரியும் என்று நான் கேலி செய்வேன். "போடா" என்பாள், ஆனால் சிரித்துக்கொள்வாள். உண்மையும் அதுதான். கோயிலில், பஸ் நிலையத்தில், ரேஷன் கடை வரிசையில் எங்கே நின்றாலும் அவளுக்குச் செய்தி வந்துவிடும். உடனே ஒரு மனு எழுதிக்கொண்டு போய்த் தலைமையாசிரியையைப் பார்ப்பாள். பள்ளத்தூரில் மூன்று மாதம். தேவகோட்டையில் மூன்று மாதம். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நாலு மாதம். காரைக்குடியிலேயே ஒரு டீச்சருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இருபத்தேழு நாள். வேலை முடிகிற அன்றைக்கு ரிலீவிங் ஆர்டர் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பணிபுரிந்தார், உரியவர் திரும்பி வந்ததால் விடுவிக்கப்பட்டார் என்று அதில் இருக்கும். அந்தத் தாள்களை அவள் ஒரு சேலைப்பெட்டிக்குள் குண்டூசி குத்தி வைத்திருந்தாள்.

நிரந்தர வேலை என்றால் அவளுக்கு என்ன என்பதை ஒருநாள் சொன்னாள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில், மாத முதல் தேதியன்று தலைமையாசிரியை எல்லார் பெயரையும் வரிசையாக எழுதுவாராம். அக்காவின் பெயர் அந்த வரிசையில் வராது. எல்லாப் பெயரும் முடிந்து, இரண்டு வரி இடம் விட்டு, அடியில் தனியாக இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பதிலி' என்று போட்டிருக்கும். "தெனமும் காலையில கையெழுத்துப் போட அடி வரைக்கும் குனியணும்டா" என்றாள். "நடுவுல ஒரு வரி எனக்குன்னு இருந்தாப் போதும்." ஆசை அவ்வளவுதான். அவளுக்கு வேறு ஆசைகள் இருந்திருக்கலாம், எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

அந்த ஏழில் ஒரு வேலை மட்டும் பதினொரு மாதம் நடந்தது. பிரசவத்துக்குப் போன டீச்சர் திரும்பி வரவில்லை. பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அக்காவையே தொடரச் சொன்னார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நிர்வாகம் முடிவு சொல்லாமல் இழுத்தது. அந்த மாதங்களில் அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை. கடைசியில் இறந்துபோனவரின் தங்கைக்கே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அது நியாயம்தான் என்று அக்காவே சொன்னாள். அன்று மாலை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு உசுரு போன இடத்துல நமக்கு வேலை கிடைக்காதான்னு காத்துக்கிட்டு இருந்தேன்டா. என்ன மனுசி நான்" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அப்பா இளவயதில் பினாங்கில் ஒரு நகரத்தார் கடையில் எழுத்து வேலைக்குப் போனவர். அந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து போகிறவன் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறித் திரும்ப வேண்டும். மூன்று வருஷம் முடித்துத் திரும்புகிறவனுக்கு ஊரில் தனி மரியாதை. அவனை அடுத்த தடவை அனுப்ப நாலு கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் வந்துவிட்டால் போச்சு. ஏதோ கோளாறு செய்திருக்கிறான், அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்பா முதல் தடவை மூன்று வருஷம் முடித்து வந்தார். இரண்டாம் தடவை வயிற்றுப்புண் வந்து பதினோராம் மாதமே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் அனுப்பவில்லை. காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் சிட்டைக் கணக்கு எழுதியே அவர் காலம் போனது. கடைசிவரை அவர் வயிற்றைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் வீட்டில் மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "மூணு வருசம் முடிக்காத வேலைய வேலைன்னு வெளியில சொல்லாதீக. கேக்கிறவன் ஏன் வந்தேன்னுதான் கேப்பான்."

இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்.

1972-இல் ஒருநாள் அக்கா பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். தேவகோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நிரந்தர இடம். சேலைப்பெட்டித் தாள்களுக்கு நகல் எடுத்து, ஓர் அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்திருந்தாள். ஏழு நகல்கள். "எல்லாத்தையும் தேதியோட தனித்தனியாப் போட்டு அடிச்சுக் குடுடா" என்றாள். அவளுக்கு அப்போது முப்பது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

விளம்பரத்தை வாங்கி விலாசத்தை மட்டும் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த இரண்டு வரியை நான் படிக்கவில்லை. நூறு விளம்பரம் பார்த்தவனுக்கு அதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்ற திமிர்தான். அவள் போன பிறகு ஒரு தாளைச் செருகி ஏழு வேலையையும் வரிசையாக அடித்துப் பார்த்தேன். மூன்று மாதம், இருபத்தேழு நாள், நாலு மாதம் என்று கட்டம் கட்டமாக இறங்கியது. விலகிய காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு பெண்ணை ஏழு இடத்தில் இருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவன் நினைப்பான் என்று தோன்றியது. அப்பாவின் குரல்தான் எனக்குள் பேசியது. அப்போது அது என் சொந்தப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செருகினேன். ஏழு வேலைக்கும் சேர்த்து ஒரே வரி அடித்தேன்: 1964 முதல் 1972 வரை பல பள்ளிகளில் ஆசிரியப் பணி. எட்டு வருஷம் விட்டுப்போகாமல் வேலை பார்த்தவள் மாதிரி அழகாக இருந்தது.

சாயங்காலம் அவள் படித்துவிட்டு, "தனித்தனியாப் போடலையா?" என்று கேட்டாள்.

"இப்பல்லாம் இப்படித்தான்க்கா போடுறாக. வெவரம் பின்னால நகல்ல இருக்குல்ல, பாத்துக்கிருவாக" என்றேன்.

"நகலெல்லாம் வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

வைக்கவில்லை. வைத்தால் நான் ஒரே வரியில் மூடியது திறந்துவிடுமே. ஏழு நகலையும் என் டிரங்குப்பெட்டியில் சட்டைக்கு அடியில் போட்டுவிட்டு, உறையை ஒட்டித்தான் அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தபாலில் போடவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டுப் பிள்ளையார்பட்டிக்கு பஸ் ஏறினாள். உறையைக் கற்பக விநாயகர் முன்னால் வைத்து, அர்ச்சனை செய்து, வெளியே வந்து அங்கிருந்த தபால்பெட்டியில் போட்டாள். உறையில் விபூதி பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பிள்ளையார் முன்னால் அவள் கும்பிட்டு நின்ற உறைக்குள் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. வயது வரம்பான முப்பதைக் கடந்துவிட்டதால் மனு நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. அக்கா கலங்கவில்லை. ஆபீசில் யாரோ சரியாகப் பார்க்கவில்லை என்று உறுதியாக நம்பினாள். விளம்பரத் துண்டை எடுத்து என் முன்னால் நீட்டி, "கீழ பாரு, எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கு" என்றாள். அப்போதுதான் அந்த இரண்டு வரியைப் படித்தேன். தற்காலிகமாகப் பணி புரிந்தவர்களுக்கு அந்த நாட்கள் வயதில் கழித்துக்கொள்ளப்படும், அதற்கு ஆதாரம் இணைக்கப்பட வேண்டும். அவளுடைய ஏழு வேலையையும் கூட்டினால் இரண்டு வருஷத்துக்கு மேல் வரும். கழிக்க வேண்டியது ஐந்தே மாதம். அந்த இருபத்தேழு நாள்கூட அங்கே கணக்கில் ஏறியிருக்கும்.

மறுநாள் அசல் தாள்களை எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்குக் கிளம்பினாள். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அந்தத் தாள்களை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். தேவகோட்டையும் வந்துவிட்டது.

பள்ளி அலுவலகத்தில் இருந்த கிளார்க் வயதானவர், நல்ல மாதிரி. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு காகிதக் கட்டைப் பிரித்து மனுவைத் தேடி எடுத்தார். திருப்பிப் பார்த்தார், உறைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்.

"நகல் ஒண்ணுமே வைக்கலையேம்மா. வேலை பாத்த தேதிகூட இல்ல. ஒரு வரி எழுதியிருக்கீக, அவ்வளவுதான். இந்தக் கையெழுத்து உங்களுதுதானே?"

அக்கா அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்கய்யா. நாந்தான் வைக்க மறந்துட்டேன்" என்றாள்.

அவர் அசல் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். உச்சுக்கொட்டினார். "லிஸ்டு மேல போயிருச்சும்மா. இனிமே எங்க கையில ஒண்ணுமில்ல. இத மட்டும் அப்பவே வச்சிருந்தீகன்னா இந்தப் பக்கம் உங்களுக்கு மேல யாருக்கு இருக்கு இவ்வளவு அனுபவம்?" என்று சொல்லி, தாள்களைக் கலையாமல் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தோம். காரைக்குடி பஸ் அரைமணி கழித்துத்தான் என்றார்கள். அக்கா கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை. பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டிய பிறகுதான், "ஏன்டா?" என்று கேட்டாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் அப்பா சொல்வதைச் சொன்னேன். மூன்று வருஷம், ஊர் என்ன நினைக்கும், படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று உளறினேன். அவள் கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் என்ன பினாங்குக்காடா போனேன்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். வயசு கூடிப்போச்சாம் என்று மட்டும் அக்கா சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "எங்கயாச்சும் ஒரு இடத்துல மூணு வருசம் உக்காந்திருந்தா இப்படி ஆகுமா ஆத்தா?" என்றார். அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். அப்பாவை அவள் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு யாரும் மூணு வருசம் எடம் குடுக்கலப்பா" என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் டிரங்குப்பெட்டியிலிருந்து ஏழு நகல்களையும் எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். என் சட்டை மடிப்பு அவற்றின் மேல் பதிந்திருந்தது. வாங்கித் தடவிச் சரிசெய்து, சேலைப்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, நிராகரித்த அதே பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவுக்கு ஆள் வந்தது. அந்த நிரந்தர இடத்துக்கு வந்த டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாராம், மூன்று மாதத்துக்கு ஒரு பதிலி வேண்டுமாம். அந்த கிளார்க் இவளை நினைவு வைத்திருந்து சொல்லியனுப்பியிருக்கிறார். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். போகாதே என்று நான் சொன்னேன். "பிள்ளைக என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்று மாதமும் தினம் காலையில் அந்தப் பதிவேட்டில், தன் பெயர் இருந்திருக்க வேண்டிய வரியைத் தாண்டி, அடிவரைக்கும் குனிந்து கையெழுத்துப் போட்டிருப்பாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முடிந்த அன்று ரிலீவிங் ஆர்டரைக் கொண்டுவந்து எட்டாவதாகக் குத்தி வைத்தாள். என்னுடைய கதை வேறு. அடுத்த வருஷமே எனக்கு ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது, நிரந்தரமாக. முன் அனுபவம் என்ற இடத்தில், இன்ஸ்டிட்யூட்டில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர, எழுத எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. அதை யாரும் ஒரு குறையாகவே பார்க்கவில்லை.

அந்த எட்டு பதினொன்று ஆனது. 1979-இல், அக்காவுக்கு முப்பத்தேழு வயதில், பள்ளத்தூரில் ஒரு மாணவியர் விடுதிக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தாள். வயது வரம்பு கிடையாது. நான் ஆபீஸ் மிஷினைக் கேட்டு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்தேன். இந்தத் தடவை ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று பதினொரு ஆர்டரையும் வரிசையாக வைத்துக்கொண்டு அடித்தேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாதம், நாள், வகுப்பு, பாடம். விலகிய காரணம் என்ற கட்டத்தில் 'உரியவர் திரும்பி வந்தார்', 'உரியவர் திரும்பி வந்தார்' என்று அடித்துக்கொண்டே போனேன். அந்தப் பதினொரு மாத வேலைக்கு எதிரில் மட்டும் என்ன போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டேன். இரண்டு பக்கம் முழுக்க வந்தது. ஏழு வருஷமாக என் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்கிற மாதிரி, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்து முடித்து, அவளிடம் நீட்டினேன்.

அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்தாள். இரண்டாம் பக்கம் முடிந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். பிறகு இரண்டு தாளையும் ஒன்றாக மடித்தாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "இவ்வளவு நீளமா இருந்தாப் படிக்கிறவுகளுக்கு எம்மேல பாவம்னு தோணிரும். நீ அன்னைக்கு அடிச்சியே ஒரு வரி, அதையே போட்டுரு."

நான் மிஷினிலிருந்து கையை எடுத்தேன்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. களைத்துப்போன ஒரு டீச்சரின் முகம், அவ்வளவுதான்.

புதுத் தாளைச் செருகினேன். 1964 முதல் 1979 வரை பல பள்ளிகளில் ஆசிரியப் பணி என்று அடித்தேன். எழுத்துகள் கண்ணில் தெரியவில்லை. பழகிய விரல் என்பதால் பிழை விழவில்லை. அவள் வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"நகல் எதெல்லாம் வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். பதினொரு தாள்களும் அவள் மடியிலேயே இருந்தன.